நியூட்ரலில் உருண்ட காலம்

குமணன்சாவடியில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடியும் முதல் கியர்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா விடமாட்டார்: "கிளட்ச்ச புடிச்சு அப்படியே உருட்டுடா. எதுக்கு பெட்ரோல வேஸ்ட் பண்ற?" மேம்பாலம் இறங்கினால் நியூட்ரல் போட்டே ஆகவேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து, சில மாதங்களிலேயே கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. எரிபொருள் சிக்கனத்தைப் பரப்ப 1978இல் பி.சி.ஆர்.ஏ. உருவானது. சிக்னலில் எஞ்சினை அணைக்கச் சொல்லும் விளம்பரங்கள் அதனுடையவை.

அப்போது புல்லட்டை விட்டால் ராஜ்தூத், யெஸ்டி, 1984இல் ஓசூரிலிருந்து வந்த இண்ட்-சுஸுகி எல்லாமே டூ ஸ்ட்ரோக். எரிந்த புகையை வெளியே தள்ளும் வேலையை உள்ளே வரும் புதுக் கலவையே செய்யும். தள்ளுகிற வேகத்தில் அதில் ஒரு பகுதியும் எரியாமல் சைலன்சர் வழியாகப் போய்விடும். எஞ்சின் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு கியரிலேயே விட்டால் எஞ்சின் வேகமாகச் சுழலும், ஆயிலோ போதாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆக, கிளட்ச் பிடித்து உருட்டியது கஞ்சத்தனம் இல்லை, விவரம்.

1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. ஃபோர் ஸ்ட்ரோக். டேங்கை நிரப்பி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்றது விளம்பரம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் போய்வந்த அப்பா, அதைப் பழைய வண்டியாக வாங்கினார். ஆனால் மறக்கவில்லை. மாதக் கடைசியில் ரிசர்வும் தீர்ந்தால், வண்டியைச் சாய்த்துப் பிடித்து மிச்சத்தை கார்புரேட்டர் பக்கம் வரவைப்பார். அந்த ஒரு சாய்ப்பில் வீடு வந்து சேர்ந்த ராத்திரிகள் உண்டு.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி. கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் வந்தது. இப்போதைய பெரும்பாலான வண்டிகளில், கியரில் ஓடும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மூடினால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். கிளட்ச்சைப் பிடித்தாலோ எஞ்சின் ஐடிலில் நிற்கப் பெட்ரோல் குடிக்கும். அப்பாவின் சிக்கனம் இந்த வண்டியில் செலவு! பிரேக் பிடிப்பதிலும் எஞ்சினின் உதவி போய்விடும்.

மாறாதவையும் உண்டு. எஞ்சினை அலறவிடாமல் சீக்கிரமே அடுத்த கியருக்குப் போவது, ஆனால் டாப் கியரில் திணறவிடாமல் இருப்பது. அரை கிளட்ச்சில் நகராமல் இருப்பது.

போன ஞாயிறு போரூர் மேம்பாலத்தில் இறங்கும்போது கிளட்ச்சைத் தொடவில்லை. காரணத்தையும் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார்.

"மெஷினுக்கு அவ்ளோ அறிவு வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா."

குமணன்சாவடி சிக்னலில் தோளைத் தட்டினார். "சரி, இங்கயாவது ஆஃப் பண்ணு."