கம்பளியில் ஒரு சிப்

1994 இல் இன்ரெல் கொம்பனி, மரிலூ ஷுல்ற்ஸ் என்ற நவஹோ இனப் பெண்ணிடம் ஒரு கம்பளி விரிப்பு நெய்து தரும்படி கேட்டது. நெய்ய வேண்டியிருந்தது அக்கொம்பனியின் பென்ரியம் சிப்பின் உட்புறம். 31 இலட்சம் திரான்சிஸ்டர்களைக் கொண்ட அந்தச் சிப்பின் படத்தைப் பார்த்து, நிமிர்த்தி நிறுத்திய தறியில், ஊடு நூலைக் கையாலேயே கோர்த்துக் கோர்த்து அவர் நெய்து முடித்தார். அமெரிக்கப் பூர்வகுடி விஞ்ஞானிகள், பொறியியலாளர்களின் சங்கத்துக்கு அது பரிசாகப் போய்ச் சேர்ந்தது.

பழமையும் புதுமையும் கைகோர்த்தன என்று இதைச் சொல்லிவிடலாம். கலைப் பிரசுரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. அந்த இரண்டு கைகளும் அதற்கு முன்பே சந்தித்திருக்கின்றன என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1863 இலும் 1864 இலும் கிட் கார்சன் தலைமையிலான படை நவஹோ நிலத்தில் சோளத்தை எரித்தது, ஆடுகளைக் கொன்றது, பீச் மரங்களைக்கூடத் தறித்தது. பட்டினியால் சரணடைந்தவர்களை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடத்திச் சென்று பொஸ்கே ரெடொண்டோ முகாமில் அடைத்தார்கள். வழியிலும் முகாமிலும் இறந்தவர்கள் பலர். அடைபட்டவர்கள் 8,000 க்கும் அதிகம். 1868 ஜூன் ஒப்பந்தத்தின் பின்னர்தான் ஊர் திரும்ப முடிந்தது. ஆடு போனதால் கம்பளி நூலும் போயிருந்தது. பெண்கள் ஆலை நூலிலும், துணியைப் பிரித்தெடுத்த நூலிலும் நெய்தார்கள். பிறகு வந்த வியாபாரிகள் போர்வையைவிட நில விரிப்பையே விரும்பியதால் போர்வை விரிப்பாயிற்று. இன்று நவஹோ மரபு என்று அருங்காட்சியகங்களில் தொங்குபவற்றில் இந்த முகாமும் இந்தச் சந்தையும் கலந்திருக்கின்றன. முகாம் என்றால் என்னவென்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1965 இல் பெயர்சைல்ட் என்ற மின்னணுக் கொம்பனி நியூ மெக்சிக்கோவில் உள்ள ஷிப்ரொக் என்ற நவஹோ ஊருக்கு வந்தது. பயிற்சிச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுத்தது. ஆட்கள் அதிகமாயிருந்த காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வேலை செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து மயிரிலும் மெல்லிய கம்பிகளைப் பொருத்தும் வேலை. 1969 இல் புதிய கட்டடம் திறந்தபோது கொம்பனி வெளியிட்ட சிறு நூலில் நவஹோ விரிப்பின் கோலமும் சிப்பின் கோலமும் ஒப்பிடப்பட்டிருந்தன. இந்தப் பெண்களுக்கு இது இரத்தத்திலேயே ஊறிய வேலை என்பதுதான் அதன் பொருள்.

கேட்க நல்ல புகழ்ச்சிதான். ஆனால் இரத்தத்தில் ஊறியதென்றால் அது கற்ற வித்தையாகாது. வித்தை இல்லையென்றால் அதற்குக் கூலியும் கேட்க முடியாது. 'உங்கட ஆட்களுக்குப் பொறுமை அதிகம்' என்று சொல்லியே எங்களைக் கோப்பை கழுவும் இடத்தில் வருடக்கணக்காக நிற்க வைப்பவர்களை நானும் கண்டிருக்கிறேன். நவஹோச் சிறுமி தாயின் பக்கத்தில் இருந்து பாவு நூலை எண்ணப் பழக எத்தனை வருடமாகிறது! பெரும்பாலானோர் கோலத்தைத் தாளில் வரைந்துகொள்வதில்லை, மனதிலேயே வைத்து எண்ணுகிறார்கள். ஷுல்ற்ஸ் கணித ஆசிரியையுமாவார்.

1975 பெப்ரவரியில் பெயர்சைல்ட் 140 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. அமெரிக்க இந்திய இயக்கத்தைச் சேர்ந்த ஆயுதம் தாங்கிய குழுவொன்று தொழிற்சாலைக்குள் புகுந்து எட்டு நாட்கள் பிடித்து வைத்திருந்தது. அதையே காரணமாகச் சொல்லிக் கொம்பனி ஷிப்ரொக்கை மூடியது. ஆசியாவில் அதற்கு ஏற்கெனவே தொழிற்சாலைகள் இருந்தன, அங்கேயும் பெண்கள்தான்.

19 வருடங்களின் பின் நெய்யப்பட்ட விரிப்பை இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். அதைச் சொல்லி நெய்வித்ததும் ஒரு சிப் கொம்பனிதான், அதை மறக்க முடியாது. ஆனால் ஷிப்ரொக்கில் கம்பி பொருத்திய பெண்களின் பெயர் எந்தச் சிப்பிலும் இல்லை. இந்த விரிப்போ ஷுல்ற்ஸின் பெயரில் இருக்கிறது. 2017 இல் ஏதென்ஸிலும் காசலிலும் நடந்த டொக்குமென்ரா 14 இல் அவருடைய வேலையும் இடம்பெற்றது. காசலுக்குப் பக்கத்தில் எம்மவர் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. யாராவது போய்ப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.