கரமனையாறும் நல்வாழ்வுப் பழக்கங்களும்

கூழானாலும் குளித்துக் குடி என்பது நம் மூதாதையர் வழங்கிச் சென்ற பழமொழி. உடல் நலத்துக்குச் செல்வம் தேவையில்லை, பழக்கமே போதும் என்னும் உறுதி அதில் ஒலிக்கிறது. மருத்துவர் நோய் கண்டபின் நாடப்படுகிறவர். நற்பழக்கமோ நோய் வருமுன்னரே வாயிலில் நின்று காப்பது. அத்தகைய பழக்கம் எங்கிருந்து வலிமை பெறுகிறது, எப்போது வலிமை இழக்கிறது என்பதை நாம் வாழும் கரமனையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அகத்தியமலையின் கிழக்கே இறங்கும் நீர் தாமிரபரணியாகி நெல்லைச் சீமையை வளப்படுத்துகிறது. அதே மலைப்பகுதியின் மேற்கே பிறக்கும் கரமனையாறு 68 கிலோமீட்டர் தூரம் ஓடி, கோவளத்தை அடுத்து அரபிக் கடலில் கலக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரண்மனைப் பணி, ஆலயப் பணி, வாணிகம் ஆகியவற்றை நாடி நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்தன. தாமிரபரணிக் கரையை விட்டு வந்தோர்க்கு அதே மலையில் பிறந்த மற்றோர் ஆறு கிடைத்தது. தெற்கிலிருந்து நகருக்குள் வரும் பாதையில் இவ்வாற்றின் குறுக்கே 1853-இல் பாலம் அமைந்தது. ஆனால் அக்காலக் கரமனைவாசிக்கு ஆறு என்றால் முதலில் நினைவுக்கு வந்தது பாலமன்று, படித்துறையே.

விடியுமுன் எழுதல், பல் துலக்குதல், ஆற்றுக்கு நடத்தல், நீந்திக் குளித்தல், உடுத்த ஆடையைத் துவைத்தல், வெளியே சென்று வந்தால் கைகால் கழுவி உள்ளே நுழைதல், குறித்த கிழமையில் எண்ணெய் தேய்த்து முழுகுதல் ஆகியன அக்கிரகாரத்தின் நாள்முறையாக இருந்தன. இவற்றுக்குப் பின்னே நெடிய மரபு உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, நீராடுதல், உண்ணுதல், உறங்குதல் முதலிய அன்றாடச் செயல்களுக்கே முறை வகுத்த நூல். பயிர்நிலம், வழி, மர நிழல், கோயில், நீர்த்துறை முதலிய பத்து இடங்களில் எச்சில் உமிழ்தலும் மலசலம் கழித்தலும் ஆகா என அந்நூல் விலக்குகிறது. நுண்ணோக்கி கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நீர்த்துறையை மாசுபடுத்தலாகாது என்று விதித்த அறிவு வியக்கத்தக்கதன்றோ!

எனினும் ஆசாரமும் சுகாதாரமும் ஒன்றல்ல. ஆசாரம் தூய்மையைச் சொல்லும்போது சில இடங்களில் உடல் அழுக்கைக் குறித்தது. சில இடங்களில் பிறப்பையே அழுக்கெனக் கொண்டது. பின்னதற்கும் உடல் நலத்துக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. வாந்திபேதி சாதி பார்த்து வந்ததில்லை. 1884-இல் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக், கல்கத்தாவில் மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரில் அந்நோயின் கிருமியைக் கண்டார். புனிதமெனக் கருதப்பட்ட நீரும் கிருமியைச் சுமக்கும் என்ற உண்மை அன்று புலனாயிற்று.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1847-இல் வியன்னா நகரப் பேறுகால மருத்துவமனையில் பணியாற்றிய செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என விதித்தார். பேறுகாலக் காய்ச்சலால் நேர்ந்த இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் உடன் பணியாற்றிய பலர் அதை ஏற்க மறுத்தனர். அங்கே சான்று இருந்தது, அதைத் தாங்கிப் பிடிக்கப் பழக்கம் இல்லை. கரமனையில் கைகால் கழுவும் பழக்கம் இருந்தது, அதன் காரணம் தெரியவில்லை. காரணம் அறிந்த பழக்கமே நிலைத்து நின்று நம்மைக் காக்கும்.

திருவிதாங்கூர் வரலாற்றில் இவ்விரண்டும் கைகோத்த தருணங்கள் சில உண்டு. அம்மை குத்தும் முறையை 1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர் கண்டறிந்தார். அது இங்கே 1813-இல் ராணி கௌரி லட்சுமி பாயின் ஆட்சியில் அறிமுகமாயிற்று. அம்மை கண்டால் அம்மன் வந்திருக்கிறாள் எனக் கருதி வேப்பிலை செருகிய மக்கள், அம்மைக் கிருமியின் இனத்தையே உடலில் ஏற்ற அஞ்சியதில் வியப்பில்லை. அவ்வச்சத்தைப் போக்க அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டனர். 1879-இல் அரசு ஊழியர், மாணவர், சிறைக்கைதிகள் ஆகியோர்க்கு அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை 1980-இல் அறிவித்தது. ஆணை பிறப்பித்த அரசு மட்டுமன்றி, கை நீட்டிய குடிமக்களும் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது.

அடுத்து வந்தது கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். உடல் வெளுத்து வலிமை குன்றும். திறந்த வெளியில் மலம் கழித்தலே அது மண்ணில் பெருகக் காரணம். 1928-இல் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையோடு திருவிதாங்கூரில் தொடங்கிய பொதுச் சுகாதாரப் பணியில் இப்புழுவை எதிர்ப்பது முதன்மையான இடம் பெற்றது. கழிப்பிடம் கட்டுதல், காலணி அணிதல், உணவுக்கு முன் கை கழுவுதல் என்று அப்பணி வற்புறுத்தியவை எல்லாம் எளிய பழக்கங்களே. செருப்பணிவது ஆசாரக் குறைவென்றும் ஆடம்பரமென்றும் எண்ணிய வீடுகளில், அதுவே மருந்து என உணர்த்த வேண்டியிருந்தது. வீட்டு வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவி நுழையும் இன்றைய வழக்கத்தில் பழைய மரபும் புதிய அறிவும் இணைந்திருக்கக் காண்கிறோம்.

1933-இல் அருவிக்கரையில் இதே கரமனையாற்று நீரைத் தேக்கித் தூய்மை செய்து நகருக்கு வழங்கும் வில்லிங்டன் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, எல்லார்க்கும் ஒரே நீரைத் தருவதற்கான குழாய் இந்நகரில் பதியலாயிற்று. ஆறு படித்துறையை விட்டு வீட்டுக்குள்ளே வந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் மலையாள நாட்டு வழக்கத்தை நாமும் மேற்கொண்டோம். சீரகம், சுக்கு, கருங்காலி, பதிமுகம் ஆகியவற்றுள் ஒன்றை இட்டுக் காய்ச்சிய நீரை விருந்தினர்க்கு அளிப்பது இங்கே பண்பாடு.

ஆனால் காரணம் மறந்தால் பழக்கம் எவ்வாறு பொய்யாகும் என்பதற்கும் இதுவே சான்று. பதிமுகம் இட்டுச் சிவந்த வெந்நீர் மிகவும் சூடாக இருக்கிறதென்று அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்து தருவோர் இன்றும் உண்டு. நிறம் இருக்கிறது, மணம் இருக்கிறது, காப்பு இல்லை. நோய்க்கிருமியைக் கொல்வது கொதியேயன்றிப் பட்டையின் நிறமன்று. குமிழியிட்டுக் கொதித்த நீரைத் தானே ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் வைத்துப் பருகினால்தான் அவ்வழக்கத்தின் முழுப்பயன் கிட்டும்.

இன்று ஆற்றின் நிலை என்ன? கரமனையாற்றோடு கூடும் கிள்ளியாறு நகரின் கழிவைச் சுமந்து வருகிறது. நம் முன்னோர் முங்கி எழுந்த துறைகளில் நாம் கால் வைக்கத் தயங்குகிறோம். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் இறங்குவோர்க்கு எலிக்காய்ச்சல் வரும் அச்சம் உண்டு. 2024-இல் இம்மாவட்டத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியில் குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் கண்டது. ஓர் இளைஞர் உயிரிழந்தார். அரிதாக வருவதேயாயினும் கொடிய நோய் அது. மூக்கின் வழியே ஏறும் நீரோடு அக்கிருமி மூளையை அடைகிறது. நலம் தந்த நீராடலே, நீர் கெட்டதும் நோய்க்கு வழியாயிற்று. பாட்டனார் குளித்தார், ஆகவே நாமும் குளிக்கலாம் என்று கருதுவது மரபைப் போற்றுவதாகாது. பாட்டனார் தூய நீரில் குளித்தார் என்பதே நாம் நினைவில் கொள்ள வேண்டியது.

ஆற்றோடு நாம் இழந்தது குளியல் மட்டுமன்று, நடையும் நீச்சலும் கூடத்தான். துறைக்கும் கோயிலுக்கும் நாள்தோறும் நடந்த கால்கள் இன்று வண்டியில் ஏறி அலுவலகம் சென்று, மேசைக்கு அடியில் மாலைவரை ஓய்ந்து கிடக்கின்றன. கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் எம்மனையோர்க்கு இது நன்கு தெரியும். வாந்திபேதிக்கும் அம்மைக்கும் தப்பிய நம் வீடுகளில் இப்போது நீரிழிவும் இரத்த அழுத்தமும் குடியேறியுள்ளன. வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் நடத்தல் போன்ற மிதமான உடலுழைப்பைக் கொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆற்றுக்குக் காலையும் மாலையும் நடந்தவர்கள் இக்கணக்கை அறியாமலே நிறைவேற்றியிருப்பர். உணவிலும் அவ்வாறே. மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் பெரும்பாலானவற்றை வள்ளுவர் உணவின் அளவுக்கே ஒதுக்கினார். உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின் அளவோடு உண்ணச் சொன்னார். மூன்று வேளையும் சோறும் இடையிடையே காப்பியும் இனிப்பும் கொள்ளும் நமக்கு அதைவிட ஏற்ற மருத்துவக் குறிப்பு வேறில்லை.

ஆகவே நம் இளந்தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்ல வேண்டியது பழக்கங்களின் பட்டியல் மட்டுமன்று, ஒவ்வொன்றின் காரணமுமாகும். கை கழுவு என்று சொல்லும்போதே ஏன் என்றும் சொல்லுதல் வேண்டும். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் சினவாது விடை கூறுதல் வேண்டும். மூதாதையர் நமக்காக ஊரை விட்டு வந்தபோது மொழியையும் பழக்கங்களையும் சுமந்து வந்தனர். இங்கே ஓர் ஆறு அவற்றை ஏற்று வளர்த்தது. அவ்வாற்றில் குப்பை எறியாதிருத்தல், எறிவோரைத் தடுத்தல், துறைகளைத் தூய்மை செய்யும் முயற்சியில் தோள் கொடுத்தல் ஆகியவற்றையும் நம் நாள்முறையில் சேர்த்துக்கொள்வோமாக. நீர்த்துறையை மாசுபடுத்தாதே என்ற பழந்தமிழ் ஆணையை நாம் நிறைவேற்றினால், கூழானாலும் குளித்துக் குடி என்ற வாக்கை நம் பேரப்பிள்ளைகள் கரமனையாற்றிலேயே மெய்ப்பிக்கும் நாள் வரும்.