லண்டனில் செத்தவர்கள், சிவகாசியில் பிழைத்தவர்கள்

சாத்தூர், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் ஐம்பதைத் தாண்டிய அண்ணாச்சி ஒருவரிடம், "மாயாவி பெரிய ஆளா, ஸ்பைடர் பெரிய ஆளா?" என்று கேட்டுப் பாருங்கள். கையிலிருக்கும் சேவுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். லண்டனில் அதே வயதுக்காரர் ஒருவரைப் பிடித்து ஜானி நீரோவைத் தெரியுமா என்று கேட்டால், ரோமாபுரிச் சக்கரவர்த்திக்குத் தம்பியா என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார். ஜானி நீரோ பிறந்தது என்னவோ லண்டனில்தான். அவரை ஐம்பது வருடமாக உயிரோடு வைத்திருப்பது மட்டும் தமிழ் வாசகர்கள்.

இந்த விசித்திரத்துக்கு முதல் காரணம் தீப்பெட்டி. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதுவரை இந்தியச் சந்தையில் ஸ்வீடனும் ஜப்பானும்தான் கொடிகட்டிப் பறந்தன. மழை குறைந்த இந்தக் கரிசல் காட்டில் குச்சி நமுத்துப் போகாது என்பதால் தொழில் பற்றிக்கொண்டது, சாத்தூருக்கும் பரவியது. தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். பின்னால் பட்டாசு வந்தது, அதற்கும் படம் போட்ட அட்டை. காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை என்று அச்சகங்கள் பெருகிக்கொண்டே போயின. ஒரு ஊரில் இத்தனை மிஷின் ஓடினால், இன்னும் எதை அச்சடிக்கலாம் என்று யாராவது யோசிக்காமல் இருப்பார்களா?

இதே சமயம் கடலுக்கு அப்பால் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1962 அக்டோபரில் லண்டனில் 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே, வலது கையை விபத்தில் இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளன் ஒருவன் வந்தான். மின்சாரம் தாக்கினால் அவன் உடம்பு மறைந்துபோகும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எழுதியவர் கென்னத் பல்மர் என்ற அறிவியல் புனைகதைக்காரர். வரைந்தவர் லண்டன்காரரே இல்லை. பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த நாளில் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்கள் பல ஸ்பெயின், இத்தாலி ஓவியர்களை வைத்துத்தான் பக்கங்களை நிரப்பின. கதையின் நாயகன் தொடக்கத்தில் நல்லவனும் இல்லை. கிடைத்த சக்தியை வைத்து ஊரை மிரட்டியவன், பிறகுதான் திருந்தி உளவாளியானான்.

வாரத்துக்கு இரண்டே பக்கம், கடைசிக் கட்டத்தில் ஒரு கண்டம் என்று ஓடிய கதை இது. 1967இல் ஃப்ளீட்வே நிறுவனத்துக்கு ஒரு ஆசை வந்தது. தன் நாயகர்களுக்கு வாரத் தொடராக இல்லாமல் முழுநீளச் சாகசங்கள் எழுதவைத்து, கைக்கடக்கமான புத்தகங்களாக விட்டது. இரும்புக்கைக்காரனும் ஸ்பைடரும் ஒரு வரிசையில் வந்தார்கள். உளவாளிகளுக்கென்று போட்ட இன்னொரு வரிசையில் ஜானி நீரோவும், பாரகுடா என்ற ரகசியப் பெயர் கொண்ட ஒருவரும் வந்தார்கள். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் வசூலைக் குவித்த காலம். ஆளாளுக்கு ஒரு உளவாளியை இறக்கிவிட்டார்கள். ஆனால் அந்த வரிசைகள் நீண்ட நாள் தாங்கவில்லை, சீக்கிரமே கடையைக் கட்டின. பிரிட்டனைப் பொறுத்தவரை பாரகுடாவின் சரித்திரம் அத்தோடு முடிந்தது.

முடிந்த இடத்தில் சிவகாசி உள்ளே வருகிறது. 1972இல் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன். 'ஸ்டீல் கிளா' என்ற அந்த எஃகுக் கைக்காரனுக்கு இங்கே வைத்த பெயர் இரும்புக்கை மாயாவி. முதல் புத்தகத்துக்கும் அதுவே தலைப்பு. லண்டனில் விலைபோகாத கைக்கடக்கப் புத்தகம் தமிழ்நாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரே மூச்சில் முடியும் முழுக்கதை, கால்சட்டைப் பையில் நுழையும் அளவு, ரயில் கிளம்புவதற்குள் பிளாட்பாரக் கடையில் வாங்கிவிடக்கூடிய விலை. பாம்புத் தீவு, நாச அலைகள், இமயத்தில் மாயாவி என்று தலைப்புகளே பாதி வேலையைச் செய்தன. பாரகுடா இங்கே சி.ஐ.டி. லாரன்ஸ் ஆனார், பக்கத்தில் முரட்டு டேவிட். ஜானி நீரோவோடு ஸ்டெல்லா. சோடி போட்டுப் பேசும் பழக்கம் நம் வாசகர்களுக்கு இங்கேதான் படிந்தது என்று நினைக்கிறேன். லாரன்ஸைத் தனியாகச் சொல்கிறவர் யாருமில்லை. 'லாரன்ஸ்-டேவிட்' என்று ஒரே மூச்சில்தான் வரும், இட்லி-சாம்பார் மாதிரி. ஸ்டெல்லா வெறும் செயலாளரா, அதற்கு மேலேயா என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

சாணித்தாளில் வந்த அந்தப் புத்தகங்களில் கதாசிரியர் பெயர் இருக்காது. அதற்குச் சிவகாசியைக் குறை சொல்ல முடியாது. மூலத்திலேயே பெயர் போடும் வழக்கம் அப்போது பிரிட்டனில் கிடையாது. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. கூர்மையான தலையோடு குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆகக் கிளம்பிய ஸ்பைடரின் கதைகளை டெட் கோவன் தொடங்கிவைத்த பிறகு, பெரும்பாலும் எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து படைத்து, 1938இல் 130 டாலருக்கு உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னாளில் வருமானத்துக்கு அல்லாடிய அதே சீகல். நியூயார்க் கைவிட்டவர் லண்டனுக்கு எழுதினார். லண்டன் மறந்ததைச் சிவகாசி அச்சடித்தது. சூப்பர்மேனைக் கேள்விப்படாத பையன்கள்கூட ஓடைப்பட்டியிலும் இருக்கன்குடியிலும் அவரைப் படித்தார்கள், பெயர் தெரியாமலேயே. 'கூர்மண்டையர்' என்று ஸ்பைடருக்கும் 'சட்டித்தலையன்' என்று இன்னொரு நாயகனான ரோபோ ஆர்ச்சிக்கும் வாசகர்கள் செல்லப்பெயர் வைத்தார்கள். திட்டுவது மாதிரிக் கொஞ்சுவது நம் பக்கத்து வழக்கம்தானே.

1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், பதின்ம வயதைக்கூடத் தாண்டாத பருவத்தில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் நாயகி ஒரு பெண்: மாடஸ்டி. அவளுடைய பூர்வீகம் சுவையானது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஈரானில் ராணுவ வேலையில் இருந்த பீட்டர் ஓ'டானல், தன்னந்தனியாக அலைந்த அகதிச் சிறுமி ஒருத்தியைப் பார்த்தார். இருபது வருடம் கழித்து ஒரு நாயகியை உருவாக்க உட்கார்ந்தபோது, அந்தச் சிறுமி வளர்ந்திருந்தால் எப்படியிருப்பாள் என்பதே அவருக்கு விதையானது. 1963இல் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் மாடஸ்டி தொடங்கினாள். அவளோடு கார்வின். உயிரைக் கொடுக்கும் சிநேகம், ஆனால் காதல் கிடையாது என்பது ஓ'டானல் போட்டுக்கொண்ட சட்டம். கடைசிவரை அதை மீறவில்லை. கார்வின் அவளை 'இளவரசி' என்று அழைப்பதால் நம் வாசகர்களுக்கும் அவள் இளவரசிதான். இந்த இருவரையும் சேர்த்துவைத்தால் என்ன என்று ஒரு கட்சி, கூடவே கூடாது என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. தமிழ் சினிமாவில் கிடைக்காத உறவு காமிக்ஸிலாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

இங்கிலாந்து சினிமா அதைக் கெடுத்தது. 1966இல் ஜோசப் லோசி எடுத்த படத்தில் மோனிகா விட்டி மாடஸ்டியாகவும் டெரன்ஸ் ஸ்டாம்ப் கார்வினாகவும் நடித்தார்கள். ஓ'டானல் எழுதிக்கொடுத்த திரைக்கதையைப் பிறர் கையில் கொடுத்துத் திருத்தித் தள்ளி, கடைசியில் இருவரையும் ஜோடிப் பாட்டே பாடவைத்துவிட்டார்கள். ஓ'டானல் தன் திரைக்கதையை வீணாக்கவில்லை. அதை நாவலாக எழுதி 1965இல், படத்துக்கு முன்பே, வெளியிட்டார். நாவல் நன்றாகப் போய், வரிசையாகப் பல நாவல்களுக்கு வழி திறந்தது.

சினிமாவில் கெட்டுப்போகும் இதே விதி லயனின் மற்ற நாயகர்களையும் விடவில்லை. டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தார். அவரை வெளியிட்ட பதிப்பகம் அப்போது நம்பிப் பணம் போட்டது 'ஓக்கியோ குப்போ' என்ற வேறொரு நாயகன் மேல். டெக்ஸ் கூடவே தள்ளிவிட்ட சின்னச் சரக்கு. பெரியது சில இதழ்களில் படுத்துக்கொண்டது. சின்னது இன்றும் ஓடுகிறது. லயனில் 'தலை வாங்கிக் குரங்கு' மூலம் நுழைந்த டெக்ஸ், கிழட்டு நண்பர் கார்சனோடு தமிழின் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகிவிட்டார். அவருக்குப் போட்டி கேப்டன் டைகர். பிரெஞ்சில் 1963இல் ஷார்லியே எழுதி ஜிரோ வரைந்த 'புளூபெர்ரி' அவர். முகம் நடிகர் பெல்மோண்டோவிடம் கடன் வாங்கியது. நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? டெக்ஸுக்குத் 'தல', டைகருக்குத் 'தளபதி' என்று பட்டம் கட்டி, கோடம்பாக்கத்துச் சண்டையை அரிசோனா பாலைவனத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டெக்ஸ் ரசிகருக்கு டைகர் தோற்றுக்கொண்டே இருக்கும் சோம்பேறி. டைகர் ரசிகருக்கு டெக்ஸ் குண்டே படாத அதிசயப் பிறவி. இரண்டுமே உண்மை. 1985இல் வந்த டெக்ஸ் படமும் ஓடவில்லை. 2004இல் வந்த புளூபெர்ரி படம் குதிரைச் சவாரியை விட்டுவிட்டுப் பூசாரியின் மயக்க மருந்துக் கனவுகளில் நெடுநேரம் மிதந்தது. சினிமா விஷயத்தில் மட்டும் இரு கட்சியும் ஒரே குரலில் அழலாம்.

காப்பியடித்தது யார் என்ற பஞ்சாயத்து இல்லாமல் இந்தக் கூட்டம் கூடாது. 1980இல் ராபர்ட் லட்லம் எழுதிய நாவலில், நினைவிழந்த ஒருவன் குண்டடிபட்டுக் கடலிலிருந்து மீட்கப்படுகிறான். 1984இல் பெல்ஜியத்தில் வான் ஹாம் எழுதி வான்ஸ் வரைந்த 'பதிமூன்று' தொடரிலும் அப்படியே ஒருவன் கரையொதுங்குகிறான், உடம்பில் ரோமன் எண்ணில் 13 என்ற பச்சையோடு. தொடக்கம் கடன்தான், பிறகு கதை வேறு திசையில் பறந்துவிடுகிறது. லயனில் அது 'இரத்தப் படலம்'. இடைவெளி விட்டு விட்டு வந்ததால், பள்ளிக்கூடத்தில் தொடங்கியவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் முடிச்சு அவிழவில்லை. வாசகர்கள் விடாமல் நச்சரித்து, 2010இல் 18 பாகங்களும் கறுப்பு-வெள்ளையில் ஒரே தொகுப்பாக வந்தன. 'குண்டு புத்தகம்' என்று இவர்கள் ஆசையாகச் சொல்லும் ரகத்தில் அதுதான் பெரிய குண்டு.

அந்த நச்சரிப்பு முதலில் தபாலில் நடந்தது. கோடை மலரில் யார் வேண்டும், தீபாவளி மலரில் ஸ்பைடர் உண்டா, மாயாவிக்கு மறுபதிப்பு எப்போது என்று இன்லேண்டு கடிதங்கள் சிவகாசிக்குப் போயின. ஊற்றுப் பேனாவில் எழுதியவர்கள் சிலரின் நிப்பு சாத்தூரில் செய்ததாக இருந்திருக்கும். நிப்புத் தொழிலுக்கு அன்று இந்த ஊர் பேர்போனது. பால்பாயிண்ட் வந்து நிப்பைக் கொன்றது. தொலைக்காட்சி வந்து காமிக்ஸை ஏறக்குறையக் கொன்றது. 2012இல் லயன்-முத்து வண்ணத்திலும் நல்ல தாளிலும் மறுபடி எழுந்தபோது வாங்க வந்தவர்கள் பையன்கள் இல்லை, நரைத்த மீசைகள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர்களும் எடிட்டரும் கூடிப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

2021இல் பிரிட்டனில் ரெபெல்லியன் நிறுவனம் ஸ்டீல் கிளாவைத் தூசுதட்டிப் புதுத் தொகுப்பாகப் போட்டது. அங்கே அதை மறந்துபோன பொக்கிஷம் என்று அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. இங்கே லோகேஷ் கனகராஜ் தன் கனவுப் படத்துக்கு 'இரும்புக்கை மாயாவி' என்று பெயர் சொன்னதும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சூர்யா என்று பேச்சு அடிபட்டது, படம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. வந்தியத்தேவனாக யார் நடிப்பது என்ற எழுபது வருடச் சண்டையை மணிரத்னம் 2022இல் முடித்துவைத்தார். மாயாவிக்கு வழக்கு நிலுவையில் இருக்கிறது. கதை முக்கால்வாசியும் நாயகன் கண்ணுக்கே தெரியமாட்டான், கை மட்டும்தான் நடிக்கும். அதற்கு எந்த நடிகர் சம்மதிப்பார் என்பதுதான் இப்போதைக்கு ஓடிக்கொண்டிருக்கும் விவாதம்.