டெற்றோயிற் நகரத்து வீடுகள்

வட அமெரிக்காவின் பேரேரிகளுள் ஒன்றான ஈரி ஏரிக்கு அண்மையில், ஐக்கிய அமெரிக்காவையும் கனடாவையும் பிரித்து ஓடும் ஆற்றின் கரையிலே டெற்றோயிற் நகரம் அமைந்துள்ளது. 1701ஆம் ஆண்டில் கடிலாக் என்னும் பிரெஞ்சுக்காரர் அங்கே ஒரு கோட்டையைக் கட்டினார். நகரின் பெயரும் நீரிணை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லேயாகும். இருநூறு ஆண்டுகளாக மரமும் தோலும் விற்றும், இரும்பு அடுப்புகள் வார்த்தும் அமைதியாக வாழ்ந்துவந்த ஊர் அது. 1900ஆம் ஆண்டில் அதன் மக்கள் தொகை 285,704. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அத்தொகை 1,849,568 ஆயிற்று. அதன்பின் எழுபது ஆண்டுகள் இறங்குமுகமாகவே சென்று, 2020இல் 639,111 ஆகக் குறைந்தது. இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் மோட்டார் வண்டித் தொழிலே என்பது பலரும் அறிந்தது. அத்தொழிலை நம்பி வீடு வாங்கிய குடும்பங்களுக்கு நேர்ந்தது யாதென்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1914ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஹென்றி போர்ட் தம் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு ஐந்து டொலர் கூலி தருவதாக அறிவித்தார். அதுவரை அவர்கள் பெற்றுவந்தது அதிற் பாதியளவே. கூலியை உயர்த்தியவர் அத்தோடு நில்லாது, தொழிலாளர் வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கின்றனரா, பணத்தைச் சேமிக்கின்றனரா என்று பார்த்துவர ஆட்களையும் வீடுவீடாக அனுப்பினார். ஆலை முதலாளி அடுக்களைவரை எட்டிப்பார்த்த காலம் அது. எனினும் அக்கூலி ஒரு புதுமையைச் செய்தது. நியூயோர்க்கிலே தொழிலாளர் மாடி மேல் மாடியாக எழுந்த கட்டடங்களில் வாடகைக்கு ஒண்டியிருக்க, டெற்றோயிற்றிலோ சமதரை பரந்து கிடந்தமையால், ஒவ்வொரு குடும்பமும் தனி வீடு வாங்க முடிந்தது. மரத்தாலோ செங்கல்லாலோ ஆன சிறு வீடு. முன்னே ஒரு விறாந்தை. பின்னே ஒரு வளவு. நடந்தோ டிராம் வண்டியிலோ சென்றால் ஆலை. போலந்திலிருந்தும் அங்கேரியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த குடியானவர் மக்களுக்கு அவ்வீடே சேமிப்பு, அவ்வீடே முதுமைக்குத் துணை, அவ்வீடே பிள்ளைகளுக்கு முதுசொம்.

ஆனால் வீடு வாங்கும் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. தென் மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு, அதே ஆலைகளை நாடி வந்த கறுப்பின மக்கள் நகரின் கீழ்ப்பாகத்தில் ஒரு சில தெருக்களுக்குள் நெருக்குண்டு வாழ்ந்தனர். ஏனைய பகுதிகளிற் காணி உறுதியிலேயே, கறுப்பினத்தவருக்கு இவ்வீட்டை விற்கலாகாது என்னும் வாசகம் எழுதப்பட்டிருந்தது. எழுதப்படாத இடங்களிற் கூட்டமும் கல்லும் அவ்வேலையைச் செய்தன.

ஒசியன் சுவீற் என்னும் கறுப்பின வைத்தியர் 1925ஆம் ஆண்டில் காலண்ட் வீதியில் ஒரு வீட்டை 18,500 டொலருக்கு வாங்கினார். முற்பணமாக 3,500 டொலர் கட்டினார். செப்டெம்பரில் அவர் குடிபுகுந்த நாளிலேயே வீட்டின்முன் கூட்டம் கூடிற்று. மறுநாளிரவு, பொலிசார் பார்த்துநிற்க, கற்கள் பறந்தன. வீட்டினுள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. வெளியே ஒருவர் இறந்தார். சுவீற்றும் மனைவியும் உட்பட வீட்டிலிருந்த பதினொருவர் மீதும் கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாறன்ஸ் டாறோ அவர்களுக்காக வாதாடினார். முதல் விசாரணையில் வெள்ளையரே நிறைந்த யூரிமார் ஒருமுடிபுக்கு வரவில்லை. 1926இல் வைத்தியரின் தம்பி ஹென்றி தனியே விசாரிக்கப்பட்டு விடுதலையானார்; மற்றையோர் மீதிருந்த வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது. தன் வீட்டைக் காக்கும் உரிமை கறுப்பினத்தவனுக்கும் உண்டு என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. சுவீற்றின் இளம் மகளும் மனைவியும் சில ஆண்டுகளுக்குள் காசநோய்க்கு இரையாயினர். வழக்கில் வென்றவருக்கு அவ்வீடு இன்பந் தரவில்லை.

கூட்டமும் கல்லும் செய்த வேலையைப் பின்னர் அரசாங்கத்தின் காகிதங்கள் ஓசையின்றிச் செய்தன. பெருமந்தக் காலத்தில், வீட்டுக் கடனுக்கு உதவ 1933இலும் 1934இலும் இரு நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் முதலாவது நகரங்களை ஆராய்ந்து படங்கள் வரைந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஆபத்தானவை எனச் செந்நிறம் பூசப்பட்டன. இரண்டாவது நிறுவனம் அத்தகைய பகுதிகளில் வீட்டுக் கடனுக்குப் பிணை நிற்க மறுத்தது. நகரின் வட எல்லையில், கறுப்பினக் குடியிருப்பொன்றுக்கு அருகே வெள்ளையருக்கென வீடு கட்ட முனைந்த ஒருவருக்கு முதலிற் பிணை கிடைக்கவில்லை. 1941இல் அவர் இரண்டுக்குமிடையே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்கு ஒரு மதிலைக் கட்டினார்; பிணை கிடைத்தது. கடனுக்காகக் கட்டப்பட்ட அம்மதிலின் பெரும்பகுதி நிலைத்து நின்றுவிட்டது. 2006இல் அயலவர் அதன் ஒரு பகுதியில் ஓவியந் தீட்டினர்.

1948ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், உறுதியில் எழுதப்பட்ட அத்தகைய தடைவாசகங்களை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றலாகாது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குள் அடங்கிய வழக்குகளுள் ஒன்று, டெற்றோயிற்றில் மக்கீ என்னும் கறுப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டைப் பற்றியதாகும். வாயில் சிறிது திறந்தது. ஆயின் அது திறந்த வேளையிலே ஆலைகள் பெயரத் தொடங்கியிருந்தன.

1947க்கும் 1963க்கும் இடையில் நகரம் ஏறக்குறைய 134,000 ஆலைத் தொழில்களை இழந்தது. காரணங்கள் பல. பழைய ஆலைகள் மாடிகளாலானவை. புதிய முறைக்கு ஒரே தளத்தில் நீண்ட கட்டடமும், அதற்குப் பரந்த நிலமும் வேண்டும். அந்நிலம் நகருக்கு வெளியே மலிவாகக் கிடைத்தது. புதிய நெடுஞ்சாலைகள் போக்குவரத்தை எளிதாக்கின. தொழிற்சங்கப் பலமும் வெளியூர்களிற் குறைவு. அன்றியும் பலர் செய்த வேலையை ஓரியந்திரம் செய்யலாயிற்று. ஆல்பேட் கான் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த பெரிய பக்கார்ட் ஆலையில் 1956இல் வண்டி செய்வது நின்றது. முதலாளி ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போகலாம்; தொழிலாளி தன் வீட்டைப் பெயர்க்க முடியாது. வாங்குவாரின்றி வீட்டின் விலை விழும்போது அவனுடைய இருபது ஆண்டுச் சேமிப்பும் உடன் விழுகிறது. வெள்ளையருட் பலர் விலை முற்றும் விழுமுன் விற்றுவிட்டுப் புறநகர் சென்றனர். அப்பொழுது வாங்கியவர்களே கறுப்பின மக்கள்.

அவர்கள் வாங்கிய முறையையும் நோக்கவேண்டும். தரகர் ஒரு தெருவில் ஒரு வீட்டைக் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்று, அதைக் காட்டியே அயலவரை அச்சுறுத்தி ஏனைய வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்குவர். பின்பு உயர்ந்த விலைக்கு விற்பர். வங்கி கடன் தராதவிடத்துத் தவணை ஒப்பந்தமே கதி. ஈடுவைத்துக் கடன் பெற்றவனுக்கு உறுதி முதலிலேயே அவன் பெயருக்கு வந்துவிடும். தவணை ஒப்பந்தத்திலோ கடைசித் தவணை கட்டிமுடியும்வரை உறுதி விற்றவன் கையிலேயே இருக்கும். இடையில் வேலை போய்த் தவணை தவறினால், கட்டிய பணமும் செய்த திருத்தமும் வீட்டோடு போய்விடும்.

நெடுஞ்சாலைக்காகவும் நகரத் திருத்தத்துக்காகவும் பழைய கறுப்பினக் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது, அங்கிருந்தோர் பலர் பன்னிரண்டாம் தெருப் பக்கமாகச் சென்று நெருங்கினர். 1967 யூலையில் அத்தெருவிலேதான் கலகம் மூண்டது. 43 பேர் மாண்டனர். மறுவருடம் வீடு விற்பதில் இனவேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஏழைகளின் வீட்டுக் கடனுக்கு அரசே பிணை நிற்கவும் முன்வந்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் இற்றுப்போன வீடுகளுக்கு மேற்பூச்சு பூசி, பொய்மதிப்புச் செய்து விற்ற கூட்டத்தாரே அதனாற் பயனடைந்தனர். வாங்கியவர் கைவிட்டுப் போக, 1970களின் தொடக்கத்தில் டெற்றோயிற்றில் ஆயிரக்கணக்கான வெற்று வீடுகளுக்கு அமெரிக்க அரசே சொந்தக்காரனாயிற்று.

வெற்று வீடு வெறுமனே இருப்பதில்லை. மாரிகாலத்தில் வெப்பம் ஊட்டுவாரில்லாத வீட்டின் குழாய்களில் நீர் உறைந்து, குழாய் வெடிக்கும். அதன்முன் திருடர் புகுந்து செப்புக் குழாயையும் மின்கம்பியையும் உருவிச் செல்வர். கூரை ஒழுகும், ஒருநாள் தீப்பற்றும். பக்கத்து வீட்டுக்காரர் தம் முற்றத்தை எவ்வளவு பேணினாலும் அவர் வீட்டுக்கும் விலையில்லை. விலையில்லாத வீட்டின்மேல் வங்கி கடன் கொடாது. கடனின்றிக் கூரை மாற்ற இயலாது.

இந்நிலையில் வந்தது வரித் தொல்லை. மிச்சிகன் மாநில அரசியலமைப்பின்படி, வீட்டின் சந்தை விலையிற் பாதிக்குமேல் வரிக்கு மதிப்பிடலாகாது. 2008இன் பின் வீட்டு விலைகள் சரிந்தபோது நகரம் தன் மதிப்பீட்டை அதற்கேற்பக் குறைக்கவில்லை. 2010 முதல் 2016 வரை வீட்டுக்காரரிடம் குறைந்தது 60 கோடி டொலர் அளவுக்கு மிகையாகச் சோலைவரி விதிக்கப்பட்டதென உள்ளூர்ப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. மூன்றாண்டு வரி நிலுவையானால் வீடு பறிமுதலாகும். ஏலத்தின் இரண்டாஞ் சுற்றிலே கேள்வி அக்காலத்தில் 500 டொலரில் தொடங்கிற்று. ஊரைக் காணாதவர்கள் வீடுகளைக் கட்டுக்கட்டாக வாங்கினர். கடன் முழுதும் கட்டித் தீர்த்த முதியோர் பலர் வீடிழந்தனர். ஏழைகளுக்கு வரிவிலக்கு உண்டென்பதை அறியாதவர் அவர்களுட் பலர். இதுபற்றிய வழக்கொன்று 2018இல் இணக்கமாக முடிந்ததன் பயனாக, சில குடும்பங்கள் தாம் இழந்த வீட்டையே ஆயிரம் டொலருக்கு மீண்டும் வாங்க வழி பிறந்தது. தன் வீட்டைத் தானே இரண்டாம் முறை வாங்குவது!

2013 யூலை 18ஆம் நாள் நகரமே வங்குரோத்து மனுச் செய்தது. கடன் ஏறக்குறைய 1,800 கோடி டொலர். தெருவிளக்குகளில் நூற்றுக்கு நாற்பது வீதம் எரியவில்லை. 2014இல் நகர நில வங்கி வெற்று வீடுகளை ஆயிரம் டொலர் தொடக்கக் கேள்வியில் ஏலமிட்டது. ஆறு மாதத்துக்குள் திருத்திக் குடியேற வேண்டும் என்பது நிபந்தனை. விலையைக் கேட்டு வியந்து வந்தவர்கள், கூரைக்கும் குழாய்க்கும் கொதிகலனுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டபின் வியப்பு மாறினர். எனினும் பலர் வாங்கினர், திருத்தினர், குடியிருந்தனர். 2023இல், 1957க்குப் பின் முதன்முறையாக, நகரின் மக்கள் தொகை சற்றே உயர்ந்ததாக மதிப்பிடப்பட்டது. பக்கார்ட் ஆலையின் இடிபாடுகளும் அகற்றப்பட்டன.

அந்த நில வங்கியின் விற்பனைகளுட் சிறியது ஒன்றுண்டு. வீடு இடிக்கப்பட்டு வெறுமையான காணித்துண்டை, அதை அடுத்த வீட்டில் வாழ்வோர் நூறு டொலருக்கு வாங்கலாம். பல்லாயிரம் துண்டுகள் அவ்வாறு கைமாறின. வாங்கியவருட் பலர், உறுதி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்நிலத்திற் புல்லை வெட்டியும் குப்பையை அள்ளியும் வந்தவர்கள். சிலர் அங்கே தக்காளியும் கோவாவும் நட்டிருக்கின்றனர்.