சேது காசு: அச்சுப் பிழையும் பிற்காலச் சேதமும்

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகர் நல்லூர். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அந்த அரசின் செப்புக்காசுகளில் படுத்திருக்கும் நந்தியையும் பிறையையும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லையும் காணலாம்.

ஆனால் எல்லாக் காசிலும் முழுதாகக் காண முடியாது. ஒன்றில் 'து' இராது. இன்னொன்றில் நந்தியின் பின்பாதி இராது. இதைப் பிழை என்பதே தவறு. அச்சைவிடச் சிறிய செப்பு வில்லையைக் கையால் வைத்துச் சுத்தியலால் அடித்தபோது உருவம் ஒதுங்குவது வழமை. வில்லை நகர்ந்து மறுபடி அடிபட்டால் மட்டும் இரண்டாம் உருவத்தின் கீழே முதல் உருவத்தின் மிச்சம் தெரியும். அது உண்மையான அச்சுப் பிழை.

அச்சில் நேர்ந்ததையும் பிற்காலச் சேதத்தையும் பிரித்தறிய நம்பகமான சோதனை கோடுதான். அச்சில் வெடிப்பு விழுந்தால் செம்பு அதற்குள் ஏறி, காசில் மேடான கோடாக நிற்கும். மண்வெட்டியோ ஆணியோ கீறினால் கோடு பள்ளமாக இருக்கும். ஒதுங்கிய உலோகம் அதன் கரையில் வரம்புபோலக் குவிந்திருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி பிடித்தால் போதும்.

முந்திய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் உருவம் இடவலம் மாறிக் குழிந்து பதியும். மறுபக்கம் சரியாகவே இருக்கும். இரண்டு காசுகளை இறுக்கியில் வைத்து நெரித்தும் அப்படிக் குழி விழச் செய்யலாம். அப்போது மறுபக்கத்து உருவம் தட்டையாகிவிடும்.

1870ஆம் ஆண்டு பொறித்த இலங்கைச் சதம் போன்ற இயந்திரக் காசில் கணக்கு வேறு. வில்லை வெட்டும்போதே பிறைபோல ஒரு துண்டு போயிருந்தால், நேர் எதிர் விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். பிறகு அரத்தால் அராவியதில் எதிர் விளிம்பு கூர்மையாகவே நிற்கும்.

மாலையில் கோக்க இட்ட துளையும் வளையம் ஒட்டிய தடமும் அக்கசாலைக்கு வெளியே நேர்ந்தவை. கடல் உப்பு ஏறிய செம்பில் பொடிபோல உதிரும் இளம்பச்சையும் அப்படியே. அது மேலும் அரித்துக்கொண்டே போகும். இவற்றைவிடக் கொடியது, கிடைத்த காசைப் பழப்புளியால் தேய்ப்பது. பித்தளைப் பாத்திரம் அதனால் மின்னும். காசிலோ நூற்றாண்டுகளாகப் படிந்த களிம்போடு மேற்சொன்ன சான்றுகளும் கரைந்துபோகும்.