வேலையில் அடிபட்டா ‘செலவுக்கு’ வாங்கிட்டு கையெழுத்து போட்டா போதுமா? சட்டம் என்ன சொல்லுது?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலைக்கு ராத்திரி என்பதே கிடையாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பக்தர்கள் நடக்கும்போது, லாட்ஜ் ரூம் துடைப்பவர், ஹோட்டல் அடுப்படியில் நிற்பவர், டீ மாஸ்டர், பந்தல் போடுபவர், ஸ்பெஷல் பஸ் ஓட்டுபவர் என ஒரு பெரிய கூட்டம் தூங்காமல் வேலை பார்க்கிறது. கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டுவது, சாரத்திலிருந்து கீழே விழுவது போன்ற விபத்துகளுக்கு இந்த அவசரமும் தூக்கக் கலக்கமும் போதும்.

அதற்குப் பிறகு வழக்கமாகக் கேட்கும் வசனங்கள் இரண்டு. “ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேன், இதுல ஒரு கையெழுத்து போட்டுடு” என்பது முதலாவது. சில வாரம் கழித்து வருவது, “உனக்கு கை சரியில்ல, வேற ஆள் வெச்சுட்டேன்”.

சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் தனித்தனி விவகாரம். ஒன்று காயத்துக்கான இழப்பீடு. மற்றொன்று, உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி வேலையைப் பறிக்கும் பாகுபாடு. முதலாவதுக்குப் பணம் வாங்கியதால் இரண்டாவது உரிமை போய்விடாது.

அந்தக் கையெழுத்து செல்லுமா?

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. 1923-ம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் தொடங்கி இதுதான் நிலை. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்துள்ளது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். தொழிலாளி இறந்துவிட்டால் இழப்பீட்டை முதலாளி நேரடியாகக் குடும்பத்திடம் கொடுத்துக் கணக்கை முடிக்கவும் முடியாது. தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்?

நிரந்தரமாக முழுச் செயலிழப்பு என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். மரணம் என்றால் 50 சதவீதம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுக்கும் உச்சவரம்பு, 2020 ஜனவரி 3 அறிவிப்பின்படி, 15,000 ரூபாய். 40 வயதுக்காரருக்கான எண் 184.17. அவர் 15,000 சம்பளம் வாங்கியிருந்தால் 9,000 x 184.17 = 16,57,530 ரூபாய். கட்டைவிரலை மட்டும் இழந்தால் அட்டவணைப்படி இதில் 30 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 5 லட்சம். “செலவுக்கு வெச்சுக்கோ” என்று நீட்டும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணமே இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. டாக்டர் எழுதும் ஊன சதவீதமே முடிவானது அல்ல. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் 1968-ல் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இது பகுதி ஊனம்தான் என்று வாதிட்டார் முதலாளி. ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, எனவே 100 சதவீத இழப்பு என்பதை உச்ச நீதிமன்றத்தின் 4 நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அதே கை குமாஸ்தாவுக்குப் போயிருந்தால் கணக்கு வேறாகலாம். நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

“குடிச்சிருந்தான், அவன் மேலதான் தப்பு” என்று சொன்னால்?

மரணத்திலும் முழுச் செயலிழப்பிலும் அந்த வாதம் எடுபடாது. சிறிய காயங்களில் மட்டும் முதலாளி அதை நிரூபித்துத் தப்பிக்கலாம். “அவர் கான்ட்ராக்டர் ஆள், எங்க ஆள் இல்ல” என்பதும் முழுத் தப்பாகாது. வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியிடமும் கேட்கலாம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? அப்படியானால் இழப்பீடு இ.எஸ்.ஐ.யில் இருந்துதான் வரும்.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து என்றால், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கு வேலையோடு தொடர்பு இருந்தால் அதுவும் வேலை விபத்துதான். சர்க்கரை ஆலைக்கு அதிகாலை பைக்கில் போகும்போது இறந்த வாட்ச்மேன் வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்துக்கும் இதே பொருளைத் தந்தது. வேறொரு வாகனம் மோதியிருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் இரண்டு இடத்திலும் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

வேலை போகுமா?

அரசு, அரசுக் கழகம் என்றால் பதில் தெளிவு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. ஸ்பெஷல் பஸ் ஓட்டும் அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர் காலை இழந்தால், அதே சம்பளத்தில் வேறு வேலை தரணும். காலியிடம் இல்லையா? கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்கணும்.

பணியில் காயம்பட்டு இடது காலை இழந்த எஸ்.எஸ்.பி. காவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2003-ல் குணால் சிங் வழக்கில், ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதற்காகப் பணிப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது இருந்தது 1995-ம் ஆண்டு சட்டம். இப்போதைய சட்டமும் அதே பாதுகாப்பைத் தருகிறது.

தனியார் கடை, லாட்ஜ் என்று வந்தால் நிலைமை பலவீனம்தான். 20(4) அங்கே நேரடியாகப் பொருந்தாது. ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவு, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது சம்பளமும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது. நிறுத்தினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம்.

யாரிடம் போவது?

வேலை விபத்து மனுவுக்கு 2 ஆண்டு, வாகன விபத்து மனுவுக்கு 6 மாதம் கெடு. விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் இழப்பீட்டு மனு போடலாம். கார்த்திகை தீபத்துக்காக வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.

ஆஸ்பத்திரியில் சேரும்போதே “வேலை பார்க்கும்போது அடிபட்டது” என்று பதியச் சொல்லுங்க. வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதிவிட்டால், பிறகு அதை மாற்ற ரொம்பவே அலைய வேண்டியிருக்கும்.