தூக்கத்தைத் தேடிய 150 ஆண்டுகள்

பள்ளிக்கூட வேதியியல் புத்தகத்தில் 'டிண்டால் விளைவு' படித்தவர்களுக்கு ஜான் டிண்டாலின் பெயர் ஞாபகம் இருக்கலாம். இருட்டறைக்குள் ஓட்டை வழியாக வெயில் விழும்போது தூசி மின்னுமே, அந்தச் சமாச்சாரம்தான். கரியமில வாயுவும் நீராவியும் வெப்பத்தை உறிஞ்சுகின்றன என்று 1859இலேயே சோதனை செய்து காட்டியவர். ஆல்ப்ஸ் மலையின் வைஸ்ஹார்ன் சிகரத்தில் 1861இல் முதன்முதலாக ஏறியவரும் அவரே. புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் உண்டு. அவ்வளவு பெரிய மனிதருக்கு ராத்திரியில் தூக்கம் வராது.

பல வருடங்களாகப் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தவர், கடைசிக் காலத்தில் இரவில் குளோரல் ஹைட்ரேட் குடித்துத்தான் தூங்கினார். வயிற்றுக் கோளாறுக்காகக் காலையில் மக்னீசியா. இரண்டையும் எடுத்துக் கொடுப்பவர் மனைவி லூயிசா. 1893 டிசம்பர் 4ஆம் தேதி காலையில் மக்னீசியா என்று நினைத்து அவர் கொடுத்தது குளோரல். தவறு உடனே தெரிந்துவிட்டது. டாக்டர்கள் வந்தார்கள், என்னென்னவோ செய்தார்கள், பலனில்லை. அன்றே டிண்டால் இறந்துபோனார். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவரான லூயிசா 1940 வரை உயிரோடு இருந்தார். அந்த 47 வருடங்களும் கணவரின் வாழ்க்கை வரலாற்றுக்காகக் கடிதங்களையும் குறிப்புகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். புத்தகத்தை மட்டும் அவரால் முடிக்கவே முடியவில்லை.

அந்தக் குளோரல் எங்கிருந்து வந்தது? 1832இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் தயாரித்த குளோரலை முப்பது வருடத்துக்கு மேல் யாரும் மருந்தாக நினைக்கவில்லை. 1869இல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைக் என்பவருக்கு ஒரு யோசனை. குளோரல் ஹைட்ரேட் ரத்தத்தில் கலந்ததும் உடைந்து குளோரோஃபார்ம் ஆகும், ஆள் தூங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டார். கணக்கு தப்பு! உடலுக்குள் அது குளோரோஃபார்மாக மாறுவதே இல்லை, வேறொரு பொருளாகிறது. ஆனால் ஆள் தூங்கிவிட்டான். தப்பான காரணத்தில் பிறந்த சரியான மருந்து என்று மருத்துவ வரலாற்றில் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். அதுவரை தூக்கத்துக்கு என்றால் அபினும் சாராயமும்தான். ஆய்வகத்தில் செய்து, அளந்து கொடுக்கக்கூடிய தூக்க மருந்து வந்துவிட்டது என்று ஐரோப்பாவே கொண்டாடியது. கொஞ்ச வருடத்திலேயே அதற்கு அடிமையானவர்களின் பட்டியலும் வந்துவிட்டது. ஓவியரும் கவிஞருமான ரோசட்டி அதில் ஒருவர்.

அடுத்து 1903. நோபல் பரிசு வாங்கி ஒரு வருடமே ஆகியிருந்த எமில் ஃபிஷரும், மருத்துவர் ஜோசப் ஃபான் மெரிங்கும் பார்பிட்டால் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். 'வெரோனால்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. குளோரல் மாதிரி குமட்டும் வாடை இல்லை, சாப்பிடவும் சுலபம். இந்தப் பார்பிட்யூரேட் குடும்பம்தான் அடுத்த ஐம்பது வருடத்துக்கு உலகத்தைத் தூங்க வைத்தது. இதன் சிக்கலைச் சுருக்கமாகச் சொன்னால், தூங்க வைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. பழகப் பழக தூக்கத்துக்கு அதிக மாத்திரை தேவைப்படும். ஆனால் ஆபத்தான அளவு அதே வேகத்தில் உயராது. கூடவே மதுவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். 1962இல் மர்லின் மன்றோ இறந்தபோது அவர் உடலில் பார்பிட்யூரேட்டும் இருந்தது, அந்தப் பழைய குளோரல் ஹைட்ரேட்டும் இருந்தது.

ஆகவே 'எவ்வளவு சாப்பிட்டாலும் சாகடிக்காத தூக்க மாத்திரை' என்று ஒன்று வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் வந்தது. கிரூனென்டால் நிறுவனம் 'கான்டெர்கான்' என்ற பெயரில் விற்றது. டாக்டர் சீட்டே தேவையில்லை. எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் சாகவில்லை என்பதே அதன் பெருமை. இவ்வளவு சாதுவான மருந்து என்பதால், மசக்கை வாந்திக்கும் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த மருந்துதான் தாலிடோமைடு.

கையும் காலும் வளராத குழந்தைகள் பிறக்க ஆரம்பித்தன. 1961இல் ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மெக்பிரைடு என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நவம்பர் மாதம் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். கருச்சிதைவில் போனவை கணக்கிலேயே இல்லை. அம்மாவுக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரட்டும் என்று கொடுத்த மாத்திரை!

அமெரிக்கா பெருமளவு தப்பியதற்கு ஒரு பெண்மணி காரணம். ஃபிரான்சிஸ் கெல்சி, உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் 1960இல்தான் வேலைக்குச் சேர்ந்தார். புது ஆள், சுலபமான வேலை கொடுப்போம் என்று கையில் கொடுக்கப்பட்ட கோப்புகளில் ஒன்று தாலிடோமைடு. கம்பெனி தந்த ஆதாரங்கள் போதாது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது, மறுபடி திருப்பினார். நெருக்கடி வந்தது, அப்போதும் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓட்டினார். 1962இல் கென்னடி கையால் விருது வாங்கினார். அதே வருடம் அமெரிக்காவின் மருந்துச் சட்டமும் மாறியது. மருந்து பாதுகாப்பானது என்பதோடு, அது வேலை செய்கிறது என்றும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும் என்றார்கள். இன்றைக்கு எந்த மருந்துக்கும் நடக்கும் நீண்ட பரிசோதனைகளுக்குப் பின்னால் ஒரு தூக்க மாத்திரை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பிறகு 1960இல் லிப்ரியம், 1963இல் வேலியம். தனியாக அதிகம் சாப்பிட்டால் உயிராபத்து குறைவு. ஆனால் பழக்கம் பிடித்துக்கொண்டால் விடுவது பெரும்பாடு. திடீரென்று நிறுத்தினால் வலிப்புவரை போகும். அந்தக் கதை நீளமானது, புதியதும் அல்ல.

இத்தனை வருடமும் கேள்வி ஒன்றுதான்: எந்த மருந்து? தூங்காதவர் என்ன செய்கிறார் என்று பார்த்தவர்கள் குறைவு. 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் அதைப் பார்த்தார். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுகிற மாதிரி, தூக்கம் வராமல் பல மாதம் படுத்துக்கிடந்தவருக்குக் கட்டிலைப் பார்த்தாலே முழிப்பு வருகிறது என்பது அவர் வாதம். (சோபாவில் டிவி முன்னால் குறட்டை விடுபவர், கட்டிலுக்குப் போனதும் விழித்துக்கொள்வது இதனால்தான்.) அவர் சொன்ன வைத்தியம் கேட்க அல்பமாக இருக்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் படு. கட்டிலில் படிக்காதே, சாப்பிடாதே. பத்து நிமிஷத்தில் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போ. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திரு. பகலில் தூங்காதே.

1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தூக்கம் வராதவனைக் குறைவாகத் தூங்கச் சொன்னார்கள்! ஒருவர் 11 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுகிறார், ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் உண்மையில் தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கட்டிலில் ஐந்தரை மணி நேரம் மட்டுமே அனுமதி. இரவு 1.30 வரை படுக்கவே கூடாது, 7 மணிக்கு எழ வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் நரகம்தான். ஆனால் தூக்கப் பசி ஏறிக்கொண்டே போகும், படுத்ததும் தூக்கம் பிடித்துக்கொள்ளும். படுத்த நேரத்தில் 90 சதவீதம் தூங்க ஆரம்பித்ததும் பதினைந்து பதினைந்து நிமிஷமாகக் கூட்டுவார்கள். வண்டி ஓட்டுபவர்களும், வலிப்பு அல்லது இருமுனை மனநோய் உள்ளவர்களும் தானாக இதைச் செய்து பார்க்கக் கூடாது.

ஸ்பீல்மன் சொன்ன விளக்கம்தான் முக்கியம். தூக்கத்தைக் கெடுத்த காரணம் வேறு, அதைத் தொடர வைக்கும் காரணம் வேறு. பரீட்சையோ, வீட்டில் ஒரு சாவோ, வேலை போனதோ முதலில் தூக்கத்தைக் கெடுக்கிறது. பிறகு விட்ட தூக்கத்தைப் பிடிக்க எட்டு மணிக்கே படுப்பது, மதியம் தூங்குவது, களைப்புக்கு மாலையில் இன்னொரு காபி. பரீட்சை முடிந்துவிடும். இந்தப் பழக்கங்கள் முடியாது.

இதற்கிடையே 2001இல் ரோஜர் எக்கர்ச் என்ற வரலாற்றாசிரியர் புது விவாதத்தைக் கிளப்பினார். தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பியர்கள் இரவை 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்று பிரித்துத் தூங்கினார்கள், நடுவில் எழுந்து ஜபம், பேச்சு, சில்லறை வேலை என்று கழித்தார்கள் என்பதற்குப் பழைய நாட்குறிப்பு, நீதிமன்றப் பதிவுகளிலிருந்து ஆதாரம் காட்டினார். நடு ராத்திரியில் விழிப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் 2015இல் தான்சானியாவின் ஹட்சா, தென்னாப்பிரிக்கப் பகுதியின் சான், பொலிவியாவின் சிமானே மக்களை ஆராய்ந்தபோது, மின்சாரம் இல்லாத அவர்களும் பெரும்பாலும் ஒரே மூச்சில்தான் தூங்கினார்கள், அதுவும் சராசரி ஏழு மணி நேரத்துக்கும் குறைவாக. சான், சிமானே மொழிகளில் தூக்கமின்மைக்குச் சொல்லே இல்லை என்பது அந்த ஆய்வின் அருமையான தகவல். எக்கர்ச் காட்டியது ஐரோப்பாவின் பழக்கமாக இருக்கலாம், மனித குலத்தின் விதி என்று நீட்டுவது அதிகப்படி.

பூட்ஸின், ஸ்பீல்மன் முறைகளோடு, தூக்கம் பற்றிய வீண் பயத்தைக் களையும் பேச்சும் சேர்ந்த சிகிச்சையையே நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டும், மாத்திரை அதற்குப் பிறகுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. ஒரு தொல்லை, இதைச் சொல்லித்தரப் பயிற்சி பெற்றவர்கள் எங்கேயும் போதுமான அளவில் இல்லை. மாத்திரை எழுதித்தர இரண்டு நிமிஷம் போதும், இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதனால் இந்தச் சிகிச்சையை அப்படியே செல்பேசிச் செயலியாக்கி, டாக்டர் சீட்டில் எழுதித்தரும் மருந்து மாதிரி விற்க 'சோம்ரிஸ்ட்' என்ற பெயரில் 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அனுமதி கொடுத்தது கெல்சி வேலை பார்த்த அதே நிர்வாகம். செயலியை உருவாக்கிய நிறுவனம் 2023இல் திவாலானது. செயலி வேலை செய்யாததால் அல்ல, அதற்குப் பணம் தர இன்சூரன்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் தயாராக இல்லாததால்.